பாலில் கலக்க வேண்டிய சூரணம்

நாகலாபுரம்
12-8-1957

மதிப்பிற்குரிய மச்சான் சோலைராஜ் அவர்களுக்கு,

தங்கச்சாமி எழுதிக்கொண்டது. இங்கு என் தாயாரும் தங்கள் தங்கை சொர்ணத்தாயும் நானும் சுகம். கோவில்பட்டியில் தாங்களும் சுடலையம்மாள் அக்காவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டதா? மில்லில் தங்களுக்கு இரவு ஷிப்டு என்று கேள்விப்பட்டோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஆடி முடியப்போகிறது. மழை இல்லை. காட்டை உழுது போட்டிருக்கிறேன். சிவலைக் காளைக்கு வாய்ப்புண் வந்து ஆறிவிட்டது.

என் தாயார் எழுதச் சொன்ன ஒரு விஷயத்தை இனி எழுதுகிறேன். எனக்கும் சொர்ணத்தாய்க்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆயிற்று. குழந்தை இல்லை. எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான் மிச்சம் என்பது தங்களுக்குத் தெரியும். அதனால் எனக்கு இன்னொரு கல்யாணம் செய்ய வேண்டும் என்று தாயார் முடிவாக இருக்கிறார். அந்நியத்தில் பெண் எடுக்க அவருக்கு மனமில்லை. தங்கள் இளைய தங்கை வள்ளித்தாயையே கேட்கச் சொல்கிறார். அவர் சொன்னது சொன்னபடி:

“மூத்தவளைத் தள்ளி வைக்கணும்னு நான் சொல்லல. கூடப்பிறந்தவளே வந்தா வீட்டுல சண்டை இருக்காதுல்லா. ஒருத்தி பெத்தா ரெண்டு பேருக்கும் பிள்ளைதான். சோலைராசு படிச்ச பையன். யோசிச்சுச் சொல்லட்டும்.”

சொர்ணத்தாயிடமும் கேட்டேன். “நீங்க பாத்துச் செய்யுங்க” என்றாள்.

தங்கள் பதிலைத் தாயார் எதிர்பார்க்கிறார். அத்தைக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கச்சாமி


கோவில்பட்டி
1-9-1957

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

சோலைராஜ் எழுதுவது. இங்கே யாருக்கும் நோய்நொடி இல்லை. அம்மைக்கு வீக்கம் வடிந்து நடமாடுகிறாள். அங்கே தங்கள் தாயாரும் சொர்ணமும் தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதத்தைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. வள்ளித்தாய்க்கு இந்த ஆவணியில்தான் பதினெட்டு முடிகிறது. அவளை எங்கே கொடுப்பது என்று நாங்கள் இன்னும் பேசக்கூடத் தொடங்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சித்திரையில் சொர்ணம் இங்கு வந்திருந்தபோது, அவள் மதினி சுடலையம்மாள் அவளை லேடி டாக்டர் எஸ்தர்ராணியிடம் அழைத்துப்போய்க் காட்டினாள். டாக்டரம்மா நன்றாகச் சோதித்துவிட்டு, “இந்தப் பொண்ணுக்குக் கர்ப்பப்பையில கோளாறு ஒண்ணும் தெரியல. ரத்தந்தான் ரொம்பக் குறைவா இருக்கு. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. ஒருத்தரை மட்டும் பாத்துட்டு முடிவு சொல்ல முடியாது” என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் டாக்டர் சாமுவேல்ராஜ். அதே ஆஸ்பத்திரியில் ஆண்களைப் பார்க்கிறார். மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறார்.

இதைத் தங்களிடம் சொல்லச் சொல்லித்தான் சொர்ணத்தை அனுப்பினோம். சொன்னாளா என்று தெரியவில்லை. ஒரு நாள் புறப்பட்டு வாருங்கள். நானே கூட வருகிறேன். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. அதன் பிறகு மற்றதைப் பேசலாம்.

தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

அன்புடன்,
சோலைராஜ்


நாகலாபுரம்
24-10-1957

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கச்சாமி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே அனைவரும் அப்படியே இருக்க வேண்டும்.

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை. கரிசல் நாலு விரல் கடை ஆழம் நனைந்தது. பருத்தியும் கம்பும் விதைத்துவிட்டோம். வடக்குக் காட்டில் பாசிப்பயறு போட்டிருக்கிறேன். இந்த வேலையில்தான் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

எனக்குக் கொஞ்ச நாளாக உடம்பில் அசதி. களைவெட்டி பிடித்தால் மத்தியானத்துக்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறேன். எங்கள் ஊர் வெயிலுமுத்து அண்ணாச்சி கழுகுமலைக்கு அழைத்துப்போய் வேணுகோபால் வைத்தியரிடம் காட்டினார். அமுக்கராக் கிழங்கு, பூனைக்காலி விதை, நீர்முள்ளி விதை எல்லாம் இடித்த சூரணம் கொடுத்திருக்கிறார். பசும்பாலில் கலந்து ஒரு மண்டலம் சாப்பிட வேண்டுமாம். எங்கள் வீட்டுப் பால் டீக்கடைக்குப் போய்விடும். வெந்நீரில் கலந்துதான் குடிக்கிறேன். சொர்ணத்தாய்க்கும் தாயார் அவரிடமே கேட்டு மலைவேம்பு இலைச்சாறு கொடுக்கிறார். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். கசப்பு தாங்காமல் ஒன்றிரண்டு நாள் வாந்தி எடுத்தாள். பிறகு பழகிக்கொண்டாள்.

டாக்டர் விஷயம் எழுதியிருந்தீர்கள். களையெடுப்பு முடியட்டும்.

தாயார் வள்ளித்தாய் விஷயத்தை மறக்கவில்லை. அடிக்கடி கேட்கிறார்.

இப்படிக்கு,
தங்கச்சாமி


கோவில்பட்டி
19-1-1958

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

பொங்கல் சீர் வந்து சேர்ந்திருக்கும். சொர்ணத்துக்கு எடுத்த சேலை அவளுக்குப் பிடித்திருக்கிறதா? இங்கே அம்மைக்குச் சளி. மற்றவர்கள் நலமே. அங்கே எல்லோர் உடம்பும் எப்படி இருக்கிறது? தங்கள் அசதி தீர்ந்ததா?

களையெடுப்பு எப்போதோ முடிந்திருக்கும். தாங்கள் வருவீர்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன்.

என்னோடு மில்லில் வேலை செய்யும் முப்பிடாதி ஒன்று சொன்னான். “அண்ணாச்சி, உங்க மாப்பிள்ளைய மார்கழியில பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். மஞ்சப்பையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு விளாத்திகுளம் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தாவ. கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல” என்றான். வேறு யாராவது இருக்கும் என்றேன். அவன் சத்தியம் செய்கிறான். அவன் தங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். ஆள் தெரியாதவன் இல்லை.

கோவில்பட்டிக்கு வந்துவிட்டு எங்கள் வீட்டு வாசல் மிதிக்காமல் போகும்படி என்ன நடந்துவிட்டது? நான் எழுதியதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். இந்த விஷயத்தைச் சுடலையம்மாளுக்கும் நான் சொல்லவில்லை.

அன்புடன்,
சோலைராஜ்


நாகலாபுரம்
3-2-1958

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

சீர் வந்தது. சேலை சொர்ணத்தாய்க்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் சுகம். அத்தையின் சளி குறைந்திருக்க வேண்டும்.

மார்கழியில் வந்தது நான்தான். பருத்தி விலை விசாரிக்க வந்தேன். கடைசி பஸ் போய்விடும் என்பதால் வீட்டுக்கு வர முடியவில்லை. முப்பிடாதி கூப்பிட்டது காதில் விழவில்லை.

கம்பு அறுத்துவிட்டோம். கதிர் நன்றாகவே கண்டது.

தாயார் பங்குனிக்குள் ஒரு முடிவு கேட்கிறார். தாங்கள் இல்லை என்றால் சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம். அந்த வீட்டார் மூத்தவள் இருக்கும் வீட்டுக்குப் பெண் தரமாட்டார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதாவது சொர்ணத்தாயை அங்கே அனுப்பிவிட வேண்டியிருக்கும். தாயார் சொன்னதை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கச்சாமி


கோவில்பட்டி
10-3-1958

மாப்பிள்ளை தங்கச்சாமி அவர்களுக்கு,

எல்லோரும் நலம். அங்கேயும் நலமாக இருக்கட்டும்.

தங்கள் கடிதத்தைக் கடைசியில் அம்மையிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூத்தவள் துணிமூட்டையோடு திரும்பி வந்து நிற்பதைப் பார்க்க முடியாது என்கிறாள். “ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருந்தா ஒருத்திக்கு ஒருத்தி துணையாவது கிடைக்கும். கொடுத்துரு” என்று சொல்லிவிட்டாள்.

வள்ளித்தாயிடம் நான்தான் கேட்டேன். ஆட்டுரலில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நிற்கவில்லை. “அக்காவ அனுப்ப மாட்டாங்கன்னா போறேன்” என்றாள். “உனக்கு இஷ்டமாட்டி?” என்று கேட்டேன். “இஷ்டத்தையா அண்ணே கேக்க வந்திய?” என்றாள்.

ஆகவே சம்மதம். சொர்ணத்தை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாங்கள் வாக்குக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது. நாள் பார்த்து எழுதவும்.

சோலைராஜ்


நாகலாபுரம்
17-3-1958

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

கல்யாணம் வேண்டாம். வள்ளித்தாயை வேறு நல்ல இடத்தில் கொடுங்கள்.

தங்கள் கடிதத்தைச் சொர்ணத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். வள்ளித்தாய் சொன்னதை வாசித்த பிறகு எனக்கு மேலே வாசிக்க ஓடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மார்கழியில் நான் பருத்தி விலை விசாரிக்க வரவில்லை. டாக்டர் சாமுவேல்ராஜிடம் வந்தேன். தங்களைக் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. ஒரு கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்துப் பின்கட்டுக்கு அனுப்பினார். அதைப் பற்றி எழுத வேண்டாம். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

“உயிரணு ரொம்பக் குறைவா இருக்கப்பா. இருக்கிறதுலயும் முக்கால்வாசி அசையல” என்றார். இது பிறவியிலேயே வந்ததா என்று கேட்டேன். வேறு நோய் ஏதாவது வந்ததா என்று விசாரித்து, உடம்பு முழுவதும் பார்த்தார். நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எடை போட்டார். அப்புறம் பேச்சு இப்படிப் போயிற்று.

“காலையில என்ன சாப்பிட்டே?”

“கம்மங்கூழ்.”

“மத்தியானம்?”

“அதேதான்.”

“ராத்திரி?”

“மிச்சம் இருந்தா குடிப்பேன்.”

“பயறு, முட்டை, பால்?”

“வீட்டுல இருக்கு. விக்கிறதுக்கு.”

“வீட்ல ரொம்பக் கஷ்டமா?”

“இல்லய்யா. தானியம் இருக்கு.”

“அப்புறம் ஏம்ப்பா பட்டினி கிடக்கிற?”

வைத்தியரின் சூரணத்தைப் பற்றிச் சொன்னேன். பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். “இதை நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எனக்கு இது தெரியாத சரக்கு. ஆனா வெறும் வயித்துல எந்த மருந்து போட்டு என்ன? மூணு வேளை சாப்பிடு. பயறு சாப்பிடு. முட்டையை விக்காதே. முருங்கைக்கீரை சும்மாதானே கிடைக்கு? ஆறு மாசம் கழிச்சு வா. தேறலாம், தேறாமலும் போகலாம். நான் உறுதி சொல்ல மாட்டேன்” என்றார்.

எழுந்து வரும்போது, “உன் பொண்டாட்டி என்ன சாப்பிடுதா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை, மச்சான். அவள் எங்களுக்கு ஊற்றிவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். அங்கே என்ன சாப்பிடுகிறாள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கதை தங்களுக்குப் பாதிதான் தெரியும். மழையில்லாத அந்த வருஷங்களில், எங்கள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஐயாவும், அதற்கடுத்த வருஷம் என் தம்பியும் போனார்கள். தம்பி பசியில்தான் போனான். வெளியே காய்ச்சல் என்று சொன்னோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் கம்பு விளைந்தால் முதலில் தானியம் சேர்க்கும் மண் குலுக்கை நிறையும். தாயார் அதன் வாயை மண் பூசி அடைத்துவிடுவார். மிஞ்சியதில்தான் வருஷம் ஓடும். அடுத்த வருஷம் பழையதை விற்றுவிட்டுப் புதியதைக் கொட்டுவார். விற்றதும் நகையாக அவர் பெட்டிக்குள் போய்விடும். நானும் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு.

நேற்றுத் தாயாரிடம் சொல்லிவிட்டேன். சொர்ணத்தாய் பக்கத்தில் சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

“குறை என்கிட்டதான் ஆத்தா” என்றேன்.

“எவன்லே சொன்னான்?”

“டாக்டர் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துச் சொன்னாவ.”

“ஆம்பளைக்கு அப்படியெல்லாம் இருக்காதுலே.”

“எனக்கு இருக்கு ஆத்தா.”

சுளகுச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அத்தைக்கு நமஸ்காரம்.

தங்கச்சாமி


கோவில்பட்டி
29-5-1958

தங்கச்சாமி அவர்களுக்கு,

இங்கே யாவரும் நலம்.

வள்ளித்தாய்க்கு எட்டயபுரத்தில் இடம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை சோலைமுத்து, பள்ளிக்கூட வாத்தியார். ஆவணியில் கல்யாணம். பத்திரிகை முறைப்படி வரும்.

தங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் எழுதக்கூடாததை எழுதியிருப்பேன். இப்போதும் கோபம் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மார்கழியில் உண்மை தெரிந்தவர் தை மாசத்தில், சங்கரன்கோவில் பெண், மூத்தவளைத் திருப்பி அனுப்புவது என்று எழுதினீர்கள். தாயார் சொன்னதை எழுதினேன் என்று தாங்கள் சொல்வீர்கள். எழுதிய கை யாருடையது?

இப்போது என் யோசனையைச் சொல்கிறேன். சொர்ணத்துக்கு இருபத்தைந்து வயது. குறை அவளிடம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியாயிற்று. நம் வழக்கத்தில் ஊரார் முன்னால் உறவைத் தீர்த்துவிட்டு மறுகல்யாணம் செய்வது புதிது இல்லை. மனைவி மரித்த ஒருவர் சாத்தூரில் இருக்கிறார். விசாரித்துவிட்டேன். தங்கள் வம்சம் விளங்க வேண்டும் என்று தங்கள் வீட்டில் இன்னொரு பெண்ணைத் தேடினார்கள். என் தங்கைக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று நான் ஏன் தேடக்கூடாது?

ஆனி பிறந்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன். அவளைத் தயாராக இருக்கச் சொல்லவும். சண்டை வேண்டாம்.

சோலைராஜ்


நாகலாபுரம்
15-6-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

சொர்ணத்தாய் எழுதுகிறேன். நானும் அத்தையும் இவரும் நன்றாக இருக்கிறோம். அம்மைக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வள்ளி கல்யாணப் பெண்ணாகிவிட்டாள் என்று சந்தோஷம்.

“நான் எழுதித் தாரேன், நீ சொல்லு” என்று இவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். ஸ்டெல்லாமேரி டீச்சரிடம் நாலாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தை இவர் ஒளிக்கவில்லை. முழுவதும் வாசித்துவிட்டு, “போறதுன்னா நான் தடுக்க மாட்டேன். பெரியவங்ககிட்ட நானே வந்து சொல்லுதேன்” என்றார். ஒரு வாரம் யோசித்தேன்.

எனக்கு இவர் மேல் கோபம் உண்டு அண்ணே. மார்கழியிலிருந்து பங்குனி வரை நான் தினமும் மலைவேம்புச் சாறு குடித்தேன். குறை யாரிடம் என்று தெரிந்துகொண்டே இவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன பிறகும் பல நாள் நான் இவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். மறந்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

அத்தையும் ஒரு மாசம் யாரோடும் பேசவில்லை. ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, கடப்பாரைய எடுத்துட்டு வா” என்றார். எதற்கு என்று தெரியாமல் கொண்டுபோனேன். அவரே வாங்கிக் குலுக்கை வாயில் பூசியிருந்த மண்ணைக் குத்தி உடைத்தார். கம்பை இரண்டு கையிலும் அள்ளி வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

“என் சின்ன மவன் கஞ்சி கஞ்சின்னு கேட்டுக்கிட்டே செத்தான். அதுக்குப் பொறவு குலுக்கை குறையுததப் பாத்தாலே மண்ணக் குழைச்சு அடைச்சிருவேன். இருக்கிற மவனுக்கும் நான் போடாமத்தான் வச்சிருந்திருக்கேன்” என்றார். நான் அழவில்லை. கூடையை எடுத்துவந்து அள்ளினேன்.

இப்போது மூன்று வேளை அடுப்பு எரிகிறது. பயறு வேகிறது. முட்டை சந்தைக்குப் போவதில்லை. டீக்கடைக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். கழுகுமலை வைத்தியரிடம் இவர் போய் வெந்நீரில் குடித்த கதையைச் சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொண்டு, “நான் கொடுத்தது பாலோட சேர்ந்த மருந்துல்லா! பாலைக் கடைக்கு ஊத்திட்டுப் பொடிய மட்டும் விழுங்குனா என் பேரு கெடாதா?” என்று திட்டிவிட்டு மறுபடி இடித்துக் கொடுத்தாராம். நான் அடுக்களையில் தனியாகச் சாப்பிடுவதில்லை. இவர்தான் ஒரு நாள் என் தட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அத்தை தன் தட்டை நகர்த்தி இடம் விட்டார்.

பிள்ளை வருமா என்று தெரியாது. டாக்டரும் உறுதி சொல்லவில்லை.

அண்ணே, ஏழு வருஷத்துக்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தீர்கள். இப்போது ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து இன்னொரு வீட்டில் வைக்கப் பார்க்கிறீர்கள். சாத்தூர்க்காரர் நல்லவராகவே இருக்கலாம். என்னிடம் கேட்டீர்களா? இவரைவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் நானே பஸ் ஏறி வருவேன். நீங்கள் வந்து அழைக்க வேண்டியதில்லை. இப்போது தோன்றவில்லை.

வள்ளி கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் வருவோம்.

உங்கள் தங்கை,
சொர்ணத்தாய்


நாகலாபுரம்
9-7-1959

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கச்சாமி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். அங்கே அத்தை, அக்கா, பிள்ளைகள் நலமறிந்து நாளாகிறது.

வள்ளித்தாய் கல்யாணத்தில் தாங்கள் எனக்குச் சந்தனம் கொடுத்தீர்கள். பேசவில்லை. சொர்ணத்தாயின் கடிதத்துக்கும் தங்களிடமிருந்து பதில் வரவில்லை. அது பற்றிக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை. இப்போது எழுத வேண்டிய காரியம் வந்திருப்பதால் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் டாக்டர் சாமுவேல்ராஜிடம் மறுபடி போனேன். இந்தத் தடவை சொர்ணத்தாயையும் அழைத்துப் போனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை” என்றார். டாக்டரம்மா சொர்ணத்தாய்க்கு ரத்தம் ஊற மருந்து கொடுத்தார்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாசம் நடக்கிறது. முதல் மாசங்களிலேயே எழுதச் சொல்லி அவள் கேட்டாள். நான்தான் பயத்தில் தள்ளிப்போட்டேன். டாக்டரம்மா பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது, தாயும் நன்றாக இருக்கிறாள் என்றார்.

ஊரில் இதைப் பற்றித்தான் பேச்சு. கழுகுமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டதால் வந்தது என்கிறார் தாயார். தன் சூரணம்தான் என்று வைத்தியர் வருகிற ஆளிடமெல்லாம் சொல்கிறாராம். டாக்டர் பயறையும் முட்டையையும் சொல்கிறார். வெயிலுமுத்து அண்ணாச்சி, வைத்தியரிடம் அழைத்துப்போனது தான்தானே என்று மீசையைத் தடவிக்கொள்கிறார். நான் யாரையும் மறுக்கவில்லை. எது பலித்தது என்று எனக்குத் தெரியாது.

சொர்ணத்தாய் மட்டும், “ஆளாளுக்குப் பங்கு கேக்காவ. சுமக்கது நான் ஒருத்திதான்” என்று சிரிக்கிறாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அழைக்க வாருங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. விஷயத்தைத் தெரிவித்துவிட்டேன். மற்றது தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கச்சாமி


கோவில்பட்டி
14-7-1959

அன்புத் தங்கை சொர்ணத்துக்கு,

அண்ணன் எழுதுகிறேன். மாப்பிள்ளையின் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உரக்க வாசித்தேன். அம்மை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். வள்ளித்தாயும் ஆடி அழைப்புக்கு இங்கேதான் வந்திருக்கிறாள். கேட்டவுடன் அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். இங்கே எல்லோரும் நலம். உன் கால் வீங்குகிறதா, சாப்பாடு தங்குகிறதா என்று மதினி கேட்கிறாள்.

உனக்குப் பதில் எழுத நான் பலமுறை உட்கார்ந்தது உண்டு. எழுத வரவில்லை.

அம்மை உனக்காக உள்ளறையை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாள். நான் பொறுக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் சுடலையம்மாளும் வருகிறோம். பிள்ளையை எங்கே பெற்றுக்கொள்ள உனக்குச் சௌகரியம் என்று நீ சொல்ல வேண்டும். இங்கே என்றால் நல்ல நாள் பார்த்து அழைத்து வருகிறோம். அங்கேயே இருக்கிறேன் என்றால் உன் மதினி உன்னோடு தங்கிவிடுவாள். அதற்குத் தகுந்தாற்போல் துணிமணியோடுதான் வருகிறாள்.

உன் அத்தைக்கு என் வணக்கம். மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. மாப்பிள்ளை பக்கத்தில் எனக்கும் ஒரு தட்டு வைத்துவிடு.

உன் அண்ணன்,
சோலைராஜ்